காலி அறைகளுக்கு எத்தனை பக்கம்?

கேள்வி: காரைக்குடியில் ஆத்தங்குடி கல் விற்கும் எங்கள் கடையின் கணக்கு மென்பொருள், லினக்ஸ் சர்வரில் 512 ஜிபி அளவுள்ள மெய்நிகர் வட்டு (ஹார்ட் டிஸ்க் போல நடந்துகொள்ளும் கோப்பு) ஒன்றில் இயங்குகிறது. அதில் நிரம்பியிருப்பது 40 ஜிபி மட்டுமே. வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தால் 512 ஜிபியும் பிடிக்கிறது. காலிப் பகுதியை விட்டு எடுத்தால், எது எங்கே இருந்தது என்னும் குறிப்பே பெரிதாகிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: இல்லை. தங்கள் ஊர் வளவு வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். இருபது அறைகளில் ஆறில்தான் சாமான் என்றால், அறைக்கொரு பக்கம் எழுத வேண்டியதில்லை. கதவு வரிசைப்படி, சாமான் உள்ள அறைக்கு 1, இல்லாததற்கு 0 என்று குறித்தால் போதும். பதினேழாம் அறையின் சாமான் மூட்டைகளில் எத்தனையாவது என்பதை, அதற்கு முன்னுள்ள 1-களை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம். வட்டும் அப்படித்தான்: 64 கேபி துண்டுகளாகப் பிரித்தால் 83,88,608 துண்டுகள், துண்டுக்கு ஒரு பிட் வீதம் முழுக் குறிப்பும் 1 எம்பிதான்.

லினக்ஸில் பரவலாக வழங்கும் கியூகவ்2 (qcow2) என்னும் மெய்நிகர் வட்டுக் கோப்பு வடிவம் துண்டுக்கு 8 பைட் முகவரி எழுதுகிறது. வட்டு முழுதும் நிரம்பினாலும் அந்த அட்டவணை 64 எம்பிதான். காலியாகக் கிடக்கும் பெரும்பரப்புகளுக்கு அட்டவணையே உருவாகாது என்பதால், தங்கள் 40 ஜிபிக்கு அதில் சிறு பகுதியே செலவாகும். துண்டை 2 எம்பி ஆக்கினால் குறிப்பு மேலும் சுருங்கும் என்றாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தினசரி மாற்றங்களை மட்டும் எடுக்கும்போது, ஒரு பில் திருத்தத்துக்காக 2 எம்பி முழுவதையும் நகலெடுக்க நேரும்.

வெளி வட்டு எக்ஸ்ஃபேட் (exFAT) என்னும் கோப்பு முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால், துளைகளோடு (காலிப் பகுதிகளை எழுதாமல் விட்டு) கோப்பை வைக்க அதற்குத் தெரியாது, பூஜ்யங்களையும் எழுதிவிடும். லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) முறைக்கு மாற்றி, துளைகளைக் காக்கும் ஸ்பார்ஸ் (sparse) விருப்பத்தோடு நகலெடுங்கள். அல்லது கியூகவ்2 ஆக மாற்றி வையுங்கள்.

பெரிய வீணடிப்பு வேறிடத்தில் நேர்கிறது, இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தாங்கள் அழித்த கோப்பின் பழைய தரவு வட்டிலேயே கிடக்கும். பூஜ்யமாகாததால் பேக்அப் அதையும் சுமக்கும். மெய்நிகர் வட்டின் அமைப்பில், காலியான இடத்தை விடுவிக்கும் டிஸ்கார்ட் (discard) வசதியை இயக்கிவிட்டு, அந்த வட்டில் இயங்கும் மெய்நிகர் கணினிக்குள் எஃப்எஸ்டிரிம் (fstrim) கட்டளையை ஓட்டினால் அந்த இடங்கள் விடுபடும். கடை அடைத்தபின் அதைச் செய்துவிட்டு, மெய்நிகர் கணினியை நிறுத்தி, நகல் எடுங்கள். துளைகளோடு எடுத்த நகலை எல்எஸ் (ls) கட்டளை அப்போதும் 512 ஜிபி என்றே காட்டும். உண்மையில் பிடித்த இடத்தை டியூ (du) கட்டளை சொல்லும்.