சரளை அள்ளிய குழிக்குப் பறவை வருமா?

கேள்வி: ஆற்றை ஒட்டிய நிலத்தில் சரளை எடுக்கப் போகிறார்கள். முடிந்ததும் மேல்மண்ணைப் பரப்பி மரம் நட்டுவிட்டால் பறவைகள் தானே திரும்பிவிடும் என்கிறார்கள். நம்பலாமா? தோண்டுகிற வருடங்களில் அங்கே உள்ள உயிர்கள் என்ன ஆகும்?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பலரும் கேட்காமல் விடுவது அதைத்தான். வேலை நடக்கும்போதே உயிர்கள் வந்துவிடும். செங்குத்தாக வெட்டிய மண்சுவரைக் கண்டால் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் அதில் வளை குடைந்து முட்டையிடும். பட்டாணி உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவை கூடே கட்டாது, வெறும் சரளையில் சின்னப் பள்ளம் பறித்து முட்டை வைக்கும், அது பார்க்கக் கூழாங்கல் போலவே இருப்பதால் லாரி ஓட்டுபவர் கண்ணில் படவே படாது. குஞ்சுகள் பறக்கும் வரை அந்தச் சுவரையும் திட்டையும் மட்டும் விட்டுவிட்டு வேறு பக்கம் தோண்டலாம். சில வாரங்கள்தான்.

சரி, முடிந்த பிறகு? எல்லா இடத்திலும் மேல்மண் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதிலுள்ள சத்து தண்ணீரில் இறங்கினால் பாசி மண்டும், வெறும் சரளையை நம்பிய பறவைக்கும் இடம் போய்விடும். கொஞ்ச இடத்தையாவது மொட்டையாகவே விடச் சொல்லுங்கள். தோண்டும்போது தண்ணீரை இறைத்துக் கொண்டிருந்த பம்பை நிறுத்தியதும் நிலத்தடி நீர் ஊறிக் குழி நிறையும், அப்போது கரையின் வடிவம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கிணறு மாதிரி வெட்டிய கரையில் கொக்கு நிற்கக்கூட இடம் இருக்காது. மெல்லச் சரிந்து இறங்கும் கரை என்றால் முழங்கால் ஆழத்தில் கோரையும் சம்பும் வேர்விடும், தவளையும் தட்டானும் பெருகும். இந்தச் சரிவை இயந்திரம் அங்கே நிற்கும்போதே வெட்டிவிட வேண்டும், தண்ணீர் நிறைந்த பிறகு வெட்டுவது பெரும்பாடு. அப்புறம், ஒரு குட்டையிலாவது மீன் விடாதீர்கள், தலைப்பிரட்டைகளையும் தட்டான் குஞ்சுகளையும் அது தின்று தீர்த்துவிடும்.

இங்கிலாந்தில் டிரென்ட் ஆற்றங்கரையில் 1929-லிருந்து சரளை எடுத்த குழிகள்தான் 1966-ல் அட்டன்பரோ இயற்கைக் காப்பிடமாகத் திறக்கப்பட்டன. இன்று அங்கே நீர்ப்பறவைகள் நிறைய. ஆக, முடியாத காரியம் இல்லை.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. குழிக்கும் ஆற்றுக்கும் நடுவில் விடும் நிலம் ஒடுங்கலாக இருந்தால் ஒரு வெள்ளத்தில் ஆறு அதை உடைத்துக் குழிக்குள் பாயும். அப்போது ஆறு வரும் பக்கத்துப் படுகை அரித்து ஆழமாகும், அங்கிருந்து உருண்டு வரும் சரளை குழியிலேயே தங்கிவிடும், ஆறு போகும் பக்கத்தில் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும் மீன்களுக்குப் படுகையே இல்லாமல் போகும், இதை எத்தனை மரம் நட்டாலும் ஈடுகட்ட முடியாது. அதனால் கரையோர மரங்களோடு அகலமான ஒரு பட்டை நிலம் தொடப்படாமல் இருக்க வேண்டும். திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த இடைவெளியும் கரைச்சரிவும் அதில் இல்லை என்றால், முதல் லாரி வருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.