வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குப் பொழுதுபோக்கு ஏன் அவசியம்?

வேலை முடிந்தபின் மனமும் அதைவிட்டு வெளியே வருவதுதான் மன விலகல். களைப்பிலிருந்து மீள உதவும் அனுபவங்களாக இதையும், தளர்வு, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுதல், நேரம் நம் கையில் இருத்தல் ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் சொன்னென்டாக்கும் ஃபிரிட்ஸும் 2007இல் வகைப்படுத்தினர்.

சிங்கப்பூரில் அலுவலகம் போகிறவருக்கு எம்ஆர்டி ரயில் பயணமே ஓர் இடைவெளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே வேலை பார்ப்பவருக்கு அது இல்லை. நிறுத்தாமல் ஓட்டிய மிக்ஸியின் மோட்டார் சூடேறி நின்றுவிடுவதுபோல, மறுநாள் கவனம் தடுமாறும்.

மடிக்கணினியை மூடி, கண்ணில் படாதபடி அலமாரியில் வையுங்கள். உடனே பூங்கா இணைப்புப் பாதையில் 20 நிமிடம் நடங்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவின் அறிவிப்புகளை அணைக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பூப்பந்து, வீணை போன்ற பொழுதுபோக்குகள் மனத்தை வேலையிலிருந்து விலக்குவதோடு, கற்றுத் தேறும் நிறைவையும் தரும்.

சோபாவில் சாய்ந்து கைப்பேசி பார்ப்பதும் ஓய்வுதானே என்பார்கள். அதே திரையில் மேலாளரின் செய்தி வந்துவிட்டால் மனம் மறுபடி வேலைக்குப் போய்விடுகிறது.