புனிதர் இல்லாத ஜன்னல்

வணக்கம்,

போன மாதம் ஜெர்மனியில் கொலோன் பேராலயத்துக்குப் போயிருந்தோம். நல்ல மழை. உள்ளே தெற்குப் பக்கத்துப் பெரிய ஜன்னலில் மட்டும் புனிதரும் இல்லை, பைபிள் கதையும் இல்லை. கணினித் திரை கெட்டுப்போனதுபோல வெறும் வண்ணச் சதுரங்கள். கெர்ஹார்ட் ரிக்டர் என்ற ஓவியர் செய்ததாம். 1248-ல் கட்டத் தொடங்கிய ஆலயத்தில் இது எதற்கு? பெரிய பெயர் என்பதால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்களா?

ஆ.

அன்புள்ள ஆ.,

யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. அன்றைய பேராயர் கர்தினால் மைஸ்னரே எதிர்த்தார். மசூதிக்கோ வேறு தொழுகைக்கூடத்துக்கோ பொருந்தும், இங்கே பொருந்தாது என்றார். 2007 ஆகஸ்டில் நடந்த திறப்புக்கும் அவர் வரவில்லை. ஆகவே நீங்கள் கேட்டதில் தவறே இல்லை.

ஆனால் இப்படி ஒரு வேலையைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்றுதான். அங்கிருந்த 19-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிறமற்ற சாதாரணக் கண்ணாடிதான். ரிக்டரிடம் முதலில் கேட்டது இருபதாம் நூற்றாண்டு மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின் உருவங்களை. அவர் முயன்று பார்த்தார், வரவில்லை. வராததை வந்ததுபோல வரைந்து கொடுக்காமல் விட்டாரே, அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்புறம் அதே ஆலயத்தின் இடைக்காலக் கண்ணாடிகளை ஒட்டி 72 நிறங்களைத் தேர்ந்துகொண்டார். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சதுரங்கள். எது எங்கே வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கலுக்கு விட்டார். கூலியும் வாங்கவில்லை. நிறம் அந்த ஆலயத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். உருவம் மட்டும்தான் இல்லை.

உங்கள் கோபம் நியாயமாகிற இடம் பாரிஸ். 2019-ல் நோத்ர தாம் பேராலயம் எரிந்தபோது, தெற்குப் பக்கச் சிற்றாலயங்களில், 19-ஆம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்த கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டியூக் காலத்து ஜன்னல்கள் சேதமில்லாமல் தப்பின. அவற்றில் ஆறு சிற்றாலயங்களின் ஜன்னல்களைக் கழற்றிவிட்டு கிளேர் தாபுரே என்ற ஓவியரின் புதிய கண்ணாடிகளை வைக்க முடிவு செய்தார்கள். பாரம்பரியத்துக்கும் கட்டடக்கலைக்குமான பிரான்ஸின் தேசிய ஆணையம் 2024-ல் ஒருமனதாக எதிர்த்தும் முடிவு மாறவில்லை. தாபுரே நல்ல ஓவியர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தீயே விட்டுவைத்ததை நாம் ஏன் கழற்ற வேண்டும்? இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, கொலோனுக்கு வருவோம். நீங்கள் மழைநாளில் பார்த்திருக்கிறீர்கள். அது தெற்கு ஜன்னல், வெயில்தான் அதன் பாதி. மறுபடி போக வாய்த்தால் வெயிலடிக்கும் நாளில் நண்பகலுக்குப் போங்கள். ஜன்னலை அண்ணாந்து பார்க்க வேண்டாம், அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் பழைய கல்தூண்களில் விழுந்து மெல்ல நகரும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.