கொட்டிலில் சாதுவாகக் கிடந்த பன்றி

அன்புள்ள ஐயா,

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். லயத்துக்குப் பின்னால் சீமெந்துத் தரை போட்ட சிறு கொட்டிலில் இரண்டு பன்றிகள் வளர்த்தோம். வளர்ந்த காலமெல்லாம் சத்தம் காட்டாமல் சாதுவாகக் கிடந்தன. தீபாவளிக்கு முதல் நாள் ஒன்றைப் பிடிக்கப் போனபோது அது போட்ட கூச்சல் அடுத்த டிவிசன் வரை கேட்டது. நாலு பேர் காதையும் வாலையும் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இறைச்சியோ வெளிறிப்போய், பையில் கட்டிவைத்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுவிட்டது. அறுத்தவர் “சாதி அப்படி” என்கிறார். அவிழ்த்துவிட்டு வளர்த்த காலத்தில் இறைச்சி இப்படி இருந்ததே இல்லை என்கிறார் மாமா. குற்றம் கொட்டிலிலா, கடைசி நாளிலா?

ஒரு வாசகர், பசறை

அன்புள்ள தம்பி,

இறைச்சி தண்ணீர் விட்டதற்கு முதற்காரணம் கடைசி நாள்தான். இன்னும் சரியாகச் சொன்னால், கடைசி அரைமணி நேரம். உயிர் போன பிறகும் தசையில் இருக்கும் சர்க்கரைச் சத்து அமிலமாக மாறிக்கொண்டிருக்கும். அமைதியாகச் செத்த விலங்கில் இது மணிக்கணக்கில் மெதுவாக நடக்கும். அதற்குள் உடம்பு ஆறிவிடும். மிரண்டு, கத்தி, மல்லுக்கட்டிச் செத்த பன்றியில் உடம்பு சூடாக இருக்கும்போதே, முக்கால் மணி நேரத்துக்குள் அமிலம் ஏறிவிடுகிறது. சூடும் அமிலமும் சேர்ந்து தசையின் புரதத்தைச் சிதைக்கின்றன. சிதைந்த புரதத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. உங்கள் பையில் தேங்கியது அந்த நீர். இதற்கு நேர்மாறானதும் உண்டு. முதல் நாளே அறுக்குமிடத்துக்கு ஏற்றிப்போய், முன்பின் தெரியாத பன்றிகளோடு இரவு முழுவதும் அடைத்துவைத்தால், அவை சண்டை போட்டே இருக்கிற சத்தையெல்லாம் தீர்த்துவிடும். பிறகு அமிலம் ஊறச் சரக்கே இருக்காது. இறைச்சி கறுத்து, வறண்டு, சீக்கிரம் கெட்டுப்போகும்.

அறுத்தவர் சொன்னதில் பாதி உண்மை. சில பன்றி இனங்களில் சிறு மிரட்சிக்கே தசை விறைத்துச் சூடேறிவிடும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 1991ல் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் வாலைப் பிடித்து இழுத்த கை, சாதியைக் குறை சொல்வது வசதியான வழக்கு.

மாமாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் அறுத்த சூட்டோடு சட்டிக்குப் போன இறைச்சி தண்ணீர் விட்டதை யார் பார்த்தார்கள்?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘சாதுவாக’ என்பதுதான். 2000ஆம் ஆண்டளவில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெறுந்தரையில் வளர்ந்த பன்றிகளையும் வைக்கோல் போட்ட விசாலமான கொட்டிலில் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பை அளந்தார்கள். உடம்பு நெருக்கடியில் சுரப்பது அது. சாதாரண நாளிலும் பகலில் ஏறி இரவில் இறங்கும். வைக்கோல் பன்றிகளிடம் அந்த ஏற்ற இறக்கம் ஒழுங்காக இருந்தது. வெறுந்தரைப் பன்றிகளிடம் அது மழுங்கிப் போயிருந்தது. மழுங்கிய அளவைப் பார்த்து ‘நெருக்கடி இல்லை’ என்று எழுதிவிட்டால் தப்பாகிவிடும். நாள்பட்ட சலிப்பில் உடம்பு கைவிட்ட கணக்கு அது.

பன்றி விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை மூக்கால் மண்ணைக் கிளறுவதிலும் தீனி தேடுவதிலும் கழிக்கும் பிராணி. கிளற எதுவும் இல்லாவிட்டால் முதலில் கம்பியைக் கடிக்கும், பிறகு பக்கத்துப் பன்றியின் வாலைக் கடிக்கும், கடைசியில் படுத்துவிடும். படுத்ததைத்தான் நாம் சாது என்கிறோம். கொட்டிலை விட்டு ஒருநாளும் வெளியே வராததற்கு வாசலில் விழும் நிழல், காலுக்குப் படும் ஈரமண், நாலு புதிய ஆட்கள் எல்லாமே ஒரே நாளில் வந்தால் கத்தாமல் என்ன செய்யும்?

அதற்காக, கொட்டிலைத் திருத்தினால் இறைச்சி திருந்திவிடும் என்று எழுத மாட்டேன். வைக்கோலில் வளர்ந்தவற்றின் இறைச்சி குறைவாக நீர் விட்டதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வித்தியாசமே இல்லை என்று வேறு சில. இலாபம் வந்தால்தான் ஒரு விலங்குக்குப் படுக்கை போடுவோம் என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. அது கிளற ஆசைப்படுகிறது, அவ்வளவு போதும்.

பன்றி வளர்ப்பு நூல்கள் பெரும்பாலும் வெயிலைப் பற்றியே கவலைப்படும். பன்றிக்கு வியர்வை ஓடாது. சேறோ தண்ணீரோ இல்லாவிட்டால் தவித்துப்போகும். மலையில் நமக்குத் தொல்லை குளிர். மார்கழி மழையில் ஈரச் சீமெந்தில் தனியாகக் கிடப்பதற்கு ஒட்டிப் படுக்கத் துணையும் இல்லை. மலையிலிருந்து லொறியில் ஜா-எல, நீர்கொழும்புப் பக்கம் இறக்கினாலோ கணக்கு தலைகீழ். வளைவுகளில் பன்றி வாந்தி எடுக்கும், கீழே புழுக்கத்தில் மூச்சு வாங்கும். இருட்டோடு புறப்பட வேண்டும். முதல் நாள் மாலையோடு தீனியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வைக்க வேண்டும்.

உங்களிடம் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறதல்லவா? வைக்கோலுக்கு வெலிமடை வரை போக வேண்டாம். காய்ந்த மானாப்புல்லை அடர்த்தியாகப் போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். அவ்வப்போது கதவைத் திறந்து, தீனி வாளியைக் காட்டி வெளியே நடத்திப் பழக்குங்கள். கொண்டுபோகும் நாளிலும் அதே வாளி, பின்னால் ஒரு பலகை, முன்னால் வெளிச்சம். இருட்டான வாசலுக்குள் பன்றி நுழையாது, வெளிச்சத்தை நோக்கி நடக்கும். தனியாக இருக்கிறதே என்று வளர்ந்த பன்றி ஒன்றை வாங்கி உடனே உள்ளே விடாதீர்கள். இரண்டும் கடித்துக் குதறிக்கொள்ளும். 2024 இறுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபிறகு, வெளியிலிருந்து பன்றி வாங்குவதும் ஹோட்டல் எச்சில் போடுவதும் இன்னும் ஆபத்து. அந்த நோய்க்கு மருந்து கிடையாது.