எம்-புக்கைக் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊரில் சென்ற ஆண்டு போட்ட சிமெண்ட் சாலை இந்த மழைக்கே பெயர்ந்துவிட்டது. முகநூலில் படம் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களைத் தட்டிக்கேட்க எழுத்தாளர்கள் ஏன் முன்வருவதில்லை? சாமானியனால் என்ன செய்ய முடியும்?
ம.

அன்புள்ள ம.,

எழுத்தாளர்கள் விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம். சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எத்தனை அங்குல கனம் என்று எம்-புக்கில், அதாவது செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில், ஏற்றினார்கள், பில் எப்போது பாஸானது? இதில் ஒன்றையாவது விசாரித்தீர்களா? படம் போட்டதோடு கடமை முடிந்ததென்று உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் கோபம் அவர்களுக்குப் பழகிப்போனது. காகிதத்தைக் கேட்டால்தான் வயிற்றில் புளி கரையும்.

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் இதைத்தான் செய்தது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் போன்றவர்கள் கட்டிய தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு. பஞ்சாயத்துக் கணக்கை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள், பொய்க்கணக்கை ஊராரே அடையாளம் காட்டினார்கள். 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்ததும் அந்த ஆவணங்களின் நகலுக்காகத்தான். 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

எங்கள் ஊர் கிராம சபையில் ஒருமுறை நூறு நாள் வேலைக் கணக்கை மளமளவென்று படித்துக்கொண்டே போனார்கள். என் பெரியம்மா எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். “நில்லு தம்பி. இப்பப் படிச்சது என் மருமவ பேரு. அவ திருப்பூர் போயி ரெண்டு வருசமாச்சு. எந்த வாய்க்கால்ல வந்து மண்ணு வெட்டுனா?” அப்புறம் ஆளாளுக்கு எழுந்து, முதல் பெயரிலிருந்து மறுபடி படிக்கச் சொன்னார்கள். பெரியம்மாவால் முடிந்தது, பட்டம் படித்த உங்களால் முடியாதா?

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘சாலை ஏன் மோசம்’ என்று எழுதினால் மழுப்பிவிடுவார்கள். மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக், பில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். போட்ட சாலையிலிருந்து மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள், அவர்கள் நம்பியிருப்பதே உங்கள் சலிப்பைத்தான்.

ஒன்று மட்டும், தம்பி. தனியாக இறங்காதீர்கள். நில மோசடிகளை இப்படித் தோண்டிய சதீஷ் ஷெட்டியை 2010இல் புனே அருகே வெட்டிக் கொன்றார்கள். தெருவில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு மனு போடுங்கள். நகல் கைக்கு வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அளவுகளைச் சேர்ந்தே சரிபார்ப்போம்.