தம்பி பெயரில் ஒரு கட்டம்கூட இல்லையா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாரம் ஒரு பாட்காஸ்ட் வெளியிடுகிறோம். வியாழன் காலை வெளியீடு. விருந்தினரைப் பிடிப்பது, ஆய்வு, ஷோ நோட்ஸ் (எபிசோடோடு போடும் எழுத்துக் குறிப்பு), சமூக ஊடகத்துக்கான துணுக்குகள் என்று எல்லாம் குழம்பிப்போகிறது. ட்ரெல்லோ, அசானா, நோஷன், க்ளிக்அப் நான்கையும் பார்த்தாயிற்று, முடிவுக்கு வர முடியவில்லை. எடிட்டிங்கை மட்டும் இதில் சேர்க்க வேண்டியதில்லை. அதை என் தம்பி பார்த்துக்கொள்கிறான். ராத்திரி 12 மணிக்கு வாட்ஸப்பில் சொன்னாலும் விடிவதற்குள் முடித்துவிடுவான். எந்த மென்பொருள் எங்களுக்குச் சரிவரும்?

பதில்: வியாழன் காலை எபிசோடு வெளியாக, புதன் இரவு முழுக்க யார் விழித்திருக்கிறாரோ அவரை விட்டுவிட்டு மற்ற நான்கு பேருக்கும் மென்பொருள் தேடுகிறீர்கள்.

துணுக்கு வெட்டுவதற்குக்கூட ஒரு கட்டம் வேண்டுமாம். எல்லாவற்றிலும் அதிக நேரத்தைத் தின்கிற எடிட்டிங்குக்கு வேண்டாமாம். காரணம், தம்பி. ஒரு வெளியாளிடம் நடுராத்திரியில் இப்படிக் கேட்பீர்களா? அவர் கூலி பேசுவார், இல்லையென்றால் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். தம்பி இரண்டையும் செய்யமாட்டான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி! கூடப்பிறந்தவன் என்றால் அவன் தூக்கத்தைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியவர் நீங்கள்தான். அவனே வாய்திறந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது மூத்தவருக்கு அழகில்லை.

அந்த 12 மணிச் செய்தி என்ன வேலை வைக்கிறது என்று பாருங்கள். ‘நடுவுல நாய் குரைக்குதுல்ல, அதை எடுத்துடு.’ எந்த நடுவில்? ஒரு மணி நேரப் பதிவில் அவன் தேட வேண்டும். கண்டுபிடித்து 4 விநாடியை வெட்டினால், அதற்குப் பிறகு வரும் அத்தியாயக் குறிகள் (எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்டுபவை) எல்லாம் 4 விநாடி பிசகும். ஷோ நோட்ஸில் நீங்கள் ஏற்கெனவே போட்டுவிட்ட நேரங்களும் தப்பாகும். மறுபடி எக்ஸ்போர்ட். மறுபடி ஒலியளவு சோதனை (ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது சராசரி ஒலியளவு -16 எல்யூஎஃப்எஸ் வாக்கில், உச்சம் -1 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது). மறுபடி பதிவேற்றம். போனது சரியாகப் போயிற்றா என்று முழுவதும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கவே ஒரு மணி நேரம். இத்தனைக்கும் நீங்கள் தட்டியது ஒரு வரி.

ஆகவே, ஒரு வேலை யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நாளில் போகிறது என்று காட்டுகிற மென்பொருள்தான் உங்களுக்கு வேண்டும். ட்ரெல்லோ பார்க்க அழகு. எபிசோடுக்கு ஓர் அட்டை, பட்டியல் விட்டுப் பட்டியல் நகரும். ஆனால் அட்டைக்குக் கெடு ஒன்றுதான். அதில் வியாழன் என்று போடுவீர்கள், எல்லோரும் வியாழனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். செக்லிஸ்டின் ஒவ்வொரு வரிக்கும் தனி ஆள், தனித் தேதி போட வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். நோஷன், கேள்விகளும் விருந்தினர் குறிப்புகளும் வைக்க நல்ல இடம். கெடுவை விரட்ட அது ஆகாது. க்ளிக்அப்பில் அமைப்புகளைத் திருகியே ஒரு மாதம் ஓடிவிடும்.

அசானாவை எடுங்கள். எபிசோடு ஒரு பணி, அதற்குள் துணைப்பணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. ஒரு பணியை இரண்டு பேர் தலையில் கட்ட அது விடாது. அந்தக் கறார்தான் உங்களுக்கு மருந்து.

தேதிகளை வியாழனிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். புதன் மாலை 5 மணிக்குள் பதிவேற்றி, வெளியீட்டு நேரம் குறித்தாக வேண்டும். அதற்கு அன்று மதியமே இறுதி ஒலி வர வேண்டும். ஷோ நோட்ஸின் நேரக் குறிகளை அதை வைத்துத்தான் எழுத வேண்டும், முன்னால் அல்ல. திருத்தம் சொல்லக் கடைசி நேரம் செவ்வாய் மதியம் 12. முதல் வெட்டு திங்கள் மாலை. பதிவு முந்தைய வியாழன், மூலக் கோப்புகள் அன்றே கைமாற வேண்டும்.

திருத்தங்களை நால்வரும் ஆளுக்கொரு பக்கம் அனுப்பக் கூடாது. ஒருவர் தொகுத்து, அந்தத் துணைப்பணியில் நேரத்தோடு எழுத வேண்டும்: ‘23:41 முதல் 23:45 வரை, நாய்.’ வாட்ஸப்பில் வந்தது கணக்கில் வராது. செவ்வாய் 12 மணி தாண்டிவிட்டதா, நாய் குரைத்தபடியே எபிசோடு வெளியாகட்டும். தகவல் பிழை, விருந்தினர் நீக்கச் சொன்ன பகுதி ஆகிய இரண்டுக்கு மட்டும் விலக்கு. அப்போதும் வெளியீடு வெள்ளிக்குத் தள்ளிப்போகட்டும், அவன் தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

ஒலிக் கோப்பை மென்பொருளுக்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவான, சுருக்கப்படாத மோனோ வேவ் கோப்பு மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி; இரண்டு மைக் என்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். அசானாவில் இணைக்கும் ஒரு கோப்புக்கு 100 எம்பிதான் எல்லை. கோப்புகள் பொதுவான கிளவுட் டிரைவில் இருக்கட்டும், பணியில் சுட்டியை மட்டும் ஒட்டுங்கள். இப்போது எல்லாம் தம்பியின் லேப்டாப்பில்தான் கிடக்கிறது என்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பழைய எபிசோடுகளை உள்ளே ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த எபிசோடுக்கு ஒரு பணியை ஒழுங்காக அமைத்து, அதற்கடுத்ததற்கு அதையே டூப்ளிகேட் செய்து தேதிகளை மாற்றுங்கள். நான்கு எபிசோடு ஓட்டிப் பார்த்தால் எந்தத் துணைப்பணி வாராவாரம் சிவப்பில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கென்னவோ, அது தம்பியுடையதாக இருக்காது.

இதையெல்லாம் தொடங்குமுன், வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் தன்னால் உட்கார முடியும் என்று தம்பியிடம் கேளுங்கள். ஞாயிறும் திங்களும் முடியாது என்கிறானா? அப்படியானால் உங்கள் வெளியீடு வியாழன் இல்லை, சனி.