‘ஸ்லிவர்’: கொலையாளியை மாற்றிய படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1993இல் வெளிவந்த ‘ஸ்லிவர்’ படத்தை அண்மையில்தான் பார்த்தேன். பிறகு, பார்த்தவர்கள் அதைப் பற்றி எழுதியவற்றையும் தேடிப் படித்தேன். படுக்கையறைக் காட்சிகள்தான் துப்பறியும் கதையைக் கெடுத்துவிட்டன என்கிறார் ஒருவர்; அவையும் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறார் இன்னொருவர். கொலையாளி யார் என்று தெரிந்தபோது எந்த அதிர்ச்சியும் ஏற்படவில்லை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கண்காணிப்புக் கேமராக்களின் காலத்தை முன்கூட்டியே சொன்ன படம் என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எதை ஏற்பது? இந்த வகைப் படங்களையே ஒதுக்கிவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தொகுத்துத் தந்திருக்கும் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தெரிந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன என்று நினைக்கிறேன். அந்தக் குறை எங்கே நுழைந்தது என்பதை அறிய, படம் உருவான விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஐரா லெவின் 1991இல் எழுதிய நாவலுக்கு ஜோ எஸ்டர்ஹாஸ் திரைக்கதை எழுத, ஃபிலிப் நாய்ஸ் இயக்கினார். மன்ஹாட்டனில் ஓர் உயரமான அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குடிவருகிறாள் கார்லி; புத்தகப் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். அவளுடைய வீட்டில் முன்பு குடியிருந்த பெண் பால்கனியிலிருந்து விழுந்து இறந்தவள். கட்டடத்தின் உரிமையாளனான இளைஞன் ஸீக், எல்லா வீடுகளிலும் ரகசியமாகக் கேமராக்களைப் பொருத்தி, குடியிருப்பவர்களின் அந்தரங்கத்தைத் திரைகளில் பார்த்துக்கொண்டிருக்கிறான். கார்லி அவனைக் காதலிக்கத் தொடங்குகிறாள். நாவலில் கொலைகாரன் அந்த உரிமையாளன்தான். முதலில் படமாக்கப்பட்ட முடிவிலும் அவன்தான்: ஹவாயின் எரிமலை ஒன்றின் மேல் கார்லியுடன் பறந்தபடி உண்மையை ஒப்புக்கொண்டு, எரிமலைக்குள்ளேயே செலுத்திவிடுகிறான். அதற்கான காட்சிகளை எடுக்கச் சென்ற ஹெலிகாப்டர் 1992 நவம்பரில் கிலாவேயா எரிமலைப் பகுதியில் விழுந்தது. அதில் இருந்த மூவரும் பிழைத்தார்கள் என்றாலும், ஒருவர் நச்சுப்புகைக்கு நடுவே இரண்டு இரவுகளைக் கழிக்க வேண்டியிருந்தது. (படத்தில் இருப்பதைவிடப் பெரிய த்ரில்லர் இது.) ஆனால் வெளியீட்டுக்கு முன் பார்வையாளர்களின் கருத்தை அறிய நடத்திய முன்னோட்டக் காட்சிக்கு வந்தவர்களுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. முடிவு மறுபடியும் படமாக்கப்பட்டது. அதே கட்டடத்தில் வசிக்கும் குற்றக்கதை எழுத்தாளனான ஜாக் கொலைகாரன் ஆக்கப்பட்டான்.

நீங்கள் அதிர்ச்சி அடையாததற்குக் காரணம் இதுதான். கொலையாளியை எடுத்துவிட்டு இன்னொருவனை அந்த இடத்தில் வைத்தபிறகும் மீதிப் படம் ஏறக்குறைய அப்படியே ஓடுகிறது என்றால், கொலை கதையோடு ஒட்டவே இல்லை என்று பொருள். பழைய முடிவுக்காக வைக்கப்பட்ட குறிப்புகளும் படத்தில் அப்படியே மிஞ்சியிருக்கின்றன. கார்லி இறந்த பெண்ணின் சாயலில் இருக்கிறாள் என்று முதிய பேராசிரியர் ஒருவர் சொல்கிறார். பெண்களைத் தேர்ந்தெடுத்துக் குடிவைக்கும் உரிமையாளனின் மனத்தைச் சுட்டுகிற குறிப்பு அது; ஜாக்கைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

இப்போது படுக்கையறைக் காட்சிகளைப் பற்றிய சண்டைக்கு வருவோம். காமமும் குற்றமும் சேர்ந்த கதையில், ‘நான் அணைத்துக்கொண்டிருப்பவன் கொலைகாரனா’ என்ற ஐயம் ஒவ்வொரு தீண்டலிலும் இருந்தாக வேண்டும். அந்த ஐயம் இருந்தால் அந்தக் காட்சியே விசாரணையாகிவிடும்; இல்லாவிட்டால், கதை நின்று வழிவிட, உடல்கள் மட்டும் நடமாடும் இடைவேளையாகிவிடும். இதை எஸ்டர்ஹாஸ் அறியாதவர் அல்ல. 1985இன் ‘ஜாக்ட் எட்ஜ்’ படத்தில் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவனை அவனுடைய வழக்கறிஞரே காதலிக்கிறாள். 1992இன் ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ படத்தில் சந்தேகத்துக்குரியவளோடு காவல்துறை அதிகாரி உறவு கொள்கிறான். இரண்டையும் எழுதியவர் அவர்தான். ‘ஸ்லிவர்’ படத்திலும் அதே ஏற்பாடுதான் இருந்தது. காதலன் நிரபராதி என்று கடைசியில் மாற்றிவிட்டதும், அதுவரை அந்தக் காட்சிகளுக்குள் இருந்த அச்சம் வெறும் ஏமாற்று வேலையாகிவிட்டது. ஆகவே அவை அதிகம் என்றவரும் அவை மட்டுமே மிச்சம் என்றவரும், ஒரே வெற்றிடத்தைக் கண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள்.

முன்னோட்டக் காட்சியின் பார்வையாளர்கள்மீது பழிபோட எனக்கு மனமில்லை. எரிமலைக்குள் பாயும் முடிவைப் பார்த்து அவர்கள் முகம் சுளித்தது நியாயமாகவே இருக்கலாம். எங்கே வலிக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லப் பார்வையாளரால் முடியும். மருந்தையும் அவரிடமே கேட்டதுதான் தயாரிப்பாளர்கள் செய்த பிழை. ‘ஸ்லிவர்’ படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனத்துக்கு இதில் ஒரு முன்னனுபவம் இருந்தது. 1987இன் ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்தின் முதல் முடிவில், நாயகனோடு உறவு கொண்டு பிறகு அவனை விடாமல் துரத்தும் அலெக்ஸ் என்ற பெண் தற்கொலை செய்துகொள்ள, பழி நாயகன்மீது விழும். முன்னோட்டக் காட்சிகளில் அது எடுபடாததால், நாயகனின் மனைவியே அலெக்ஸைச் சுடுவதாக மாற்றினார்கள். படம் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அங்கே மாறியது தண்டனை மட்டுமே, ஆள் மாறவில்லை. தண்டனையை மாற்றினால் படத்தின் கடைசிப் பகுதி மாறும். குற்றவாளியை மாற்றினால் முதல் காட்சியிலிருந்தே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ‘ஸ்லிவர்’ அதற்கு முயலவே இல்லை.

கேமராக்களைப் பாராட்டுகிறவர்களோடு பாதி தூரம் வரை உடன்படுகிறேன். அந்தத் திரைச் சுவரின் முன் கார்லி முதலில் அருவருத்து, பிறகு கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்துவிடும் பகுதியே படத்தின் மிகச் சிறந்த பகுதி. வளர்ப்பு மகளிடம் அத்துமீறும் ஒருவனை அந்தத் திரையில் பார்த்துவிட்டு, ஸீக் அவனை மிரட்டி நிறுத்துகிறான். ஒளிந்து பார்ப்பது குற்றம்தான், ஆனால் பார்த்துவிட்டவனுக்கு ஒரு கடமையும் வந்துவிடுகிறதா என்ற கனமான கேள்வி எழுகிற இடம் அது. படம் அதைக் கையில் எடுத்தவுடன் கீழே போட்டுவிடுகிறது. முன்கூட்டியே சொன்ன படம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஒளிந்து பார்க்கும் ஆசையை ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ 1954இலேயே பேசிவிட்டது. மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ 1960இல் பார்ப்பவனையும் கொல்பவனையும் ஒரே ஆளாக்கிக் காட்டியது. நாவலில் லெவின் வைத்திருந்த இணைப்பும் அதுவே. ஸீக்கை நிரபராதியாக்கியதும், அந்தக் கேமராக்கள் ஒரு பணக்கார இளைஞனின் கெட்ட பழக்கம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. கார்லி அந்தத் திரைகளைச் சுட்டு நொறுக்கிவிட்டு அவனிடம் ஒரு துணுக்கு வசனம் பேசுவதோடு கணக்கு தீர்ந்துவிடுகிறது.

இந்த வகையையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. லாரன்ஸ் காஸ்டன் இயக்கிய ‘பாடி ஹீட்’ (1981) படத்தை நீங்கள் பார்த்திராவிட்டால், அடுத்து அதைப் பாருங்கள். புளோரிடாவின் வெக்கையில் ஒரு சோம்பேறி வழக்கறிஞன் இன்னொருவனின் மனைவிமீது மோகம் கொண்டு அவள் கணவனைக் கொல்லத் துணிகிறான். அந்த மோகத்தைக் கதையிலிருந்து நீக்கினால் கொலைக்குக் காரணமே இல்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் வேறு யாரை வைத்தாலும் ஒரு காட்சிகூட நிற்காது. முடிவைப் பற்றி யாரிடமும் கேட்டுவிடாமல் பாருங்கள்.

அன்புடன்.